சேற்றில் ஓடும் ரோபோவுக்கு யார் கற்றுக்கொடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

குறுவை நடவு நேரம் என்பதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரோபோவைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் இடம் இல்லை. முதல் இரண்டு கேள்விகளுக்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள், மற்றவர்கள் கேட்டிருந்த பலவற்றுக்கும் அதற்குள்ளேயே பதில் இருக்கிறது.

கேள்வி: நான் நடவு மிஷின் வாடகைக்கு ஓட்டுகிறேன். ஜப்பானில் ஆளே இல்லாமல் நடவு மிஷின் நேர்கோட்டில் போகிற வீடியோ பார்த்தேன். நம் வயலில் ஆள் உட்கார்ந்து ஓட்டினாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. மெஷின் லேர்னிங் என்கிறார்களே, அதைப் போட்டால் சரியாகிவிடுமா சார்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: ஓரளவு சரியாகும். மெஷின் லேர்னிங் என்பது, விதியை நாம் எழுதிக் கொடுக்காமல், பதிவு செய்த அளவுகளைப் பார்த்துக் கணினியே கற்றுக்கொள்வது. ஆனால் அதை எந்த இடத்தில் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. முதலில் வண்டி ஏன் இழுக்கிறது என்று பார்த்துவிடுவோம். சேற்றுழவு ஓட்டிய வயலில் மேலே குழைந்த சேறு, அடியில் கெட்டித்தரை. சக்கரம் நிற்பது அந்தக் கெட்டித்தரையில்தான். அது எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்காது, போன போகத்தில் அறுவடை வண்டி திரும்பிய மூலையில் பள்ளம் விழுந்திருக்கும், மடை வாயோரம் தண்ணீர் நின்று நின்று இன்னும் இளகிக் கிடக்கும். இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தானாக ஓடும் வண்டி தன் இடத்தைத் தெரிந்துகொள்வது ஜி.பி.எஸ். மூலம். செல்போனில் இருப்பது சில மீட்டர் தள்ளிக் காட்டும், நடவுக்கு அது உதவாது. அதனால் ஆர்.டி.கே. என்ற முறையைச் சேர்க்கிறார்கள். பக்கத்தில் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் இன்னொரு கருவி அனுப்பும் திருத்தத்தை வைத்து ஓரிரு சென்டிமீட்டருக்குள் இடம் சொல்லிவிடும். சரி, அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. ஜி.பி.எஸ். ஆன்டெனா தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே 120 செ.மீ. என்று வையுங்கள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் 6 செ.மீ. கூடுதலாக இறங்கினால் உச்சியில் இருக்கும் ஆன்டெனா பக்கவாட்டில் 10 செ.மீ. நகர்ந்துவிடும். வண்டி தடத்திலேயேதான் இருக்கிறது, ஆனால் கணினியோ 10 செ.மீ. விலகிவிட்டோம் என்று நினைத்து ஸ்டியரிங்கைத் திருப்பும். வரிசைக்கு வரிசை 30 செ.மீ. விட்டு நடும் வண்டியில் அது மூன்றில் ஒரு பங்கு. இதைத் திருத்த மெஷின் லேர்னிங் தேவையே இல்லை, சாய்வை அளக்கும் ஒரு சென்சாரும் பத்தாம் வகுப்பு முக்கோணவியலும் போதும். இந்த அடிப்படையைச் செய்யாமல் நேராக 'ஏ.ஐ. நடவு மிஷின்' என்று விற்க வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: சாய்வுக்கு என்ன செய்திருக்கிறீர்கள்?

ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கும் ஒரு பழைய, நல்ல கணக்கு இருக்கிறது. நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்பவர் கப்பலைத் தானாக நேரே செலுத்துவது பற்றி 1922-இல் எழுதினார். சுக்கான் பிடிப்பவர்களைக் கவனித்துத்தான் எழுதினார். கைதேர்ந்த ஆள் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை, இதுவரை விலகியே வந்திருக்கிறதா, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துத் திருப்புகிறார். இன்று பி.ஐ.டி. என்று தொழிற்சாலைகளில் எல்லா இடத்திலும் ஓடுவது அந்தக் கணக்குத்தான். (நம் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் அதே 1922-இல். இரண்டும் நூறு வருடம் தாண்டி இன்னும் உழைக்கின்றன.)

மெஷின் லேர்னிங்குக்கு வேலை இதற்கு அப்புறம்தான் வருகிறது. ஸ்டியரிங்கை 10 டிகிரி திருப்பினால் வண்டி எவ்வளவு திரும்பும் என்று சூத்திரம் சொல்லும். கெட்டித்தரையில் அது சரியாக இருக்கும், சேற்றில் இருக்காது, சக்கரம் வழுக்கும். எவ்வளவு வழுக்கும் என்பது சேற்றின் ஆழம், மண், தண்ணீர், வண்டியில் மிச்சமிருக்கும் நாற்றுத் தட்டுகளின் எடை எல்லாவற்றையும் பொறுத்தது. அதற்கு ஒழுங்கான சூத்திரம் எழுதுவது மிகவும் கஷ்டம். ஆகவே சூத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சூத்திரம் சொன்னதற்கும் வண்டி உண்மையில் போனதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கற்க விடுவது நல்ல வழி. சக்கரம் சுற்றும் வேகம், எஞ்சின் திணறுகிற அளவு, சாய்வு, ஸ்டியரிங் கோணம் ஆகியவற்றை உள்ளே கொடுத்தால் அடுத்த அரை நொடியில் எவ்வளவு வழுக்கும் என்று ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கணினிக் கணக்கு) சொல்லும். பெரிய கணினி எதுவும் வேண்டாம்.

இப்படிச் செய்து காட்டியும் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் ஈ.டி.எச். சூரிக் பல்கலைக்கழகத்தில் எனிமல் என்ற நாலுகால் ரோபோ இருக்கிறது. அதன் மூட்டுகளில் உள்ள மோட்டாரும் ஸ்பிரிங்கும் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் சூத்திரம் சரிவரவில்லை. அதனால் காலைச் சில நிமிடங்கள் ஆட்டி அளவுகளைப் பிடித்து, அந்த மூட்டின் நடத்தையை ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்து, அதைக் கணினிக்குள் இருக்கும் போலி ரோபோவில் பொருத்தி, நடையை அங்கேயே பழக்கினார்கள். 2019-இல் அந்தக் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே அந்த ரோபோ கேமரா இல்லாமல், மூட்டுகளிலும் உடலின் அசைவிலும் உணர்வதை மட்டும் வைத்துச் சேற்றிலும் பனியிலும் புதர்களிலும் ஓடும் தண்ணீரிலும் நடந்தது. எனக்கு இதில் பிடித்தது, கண்ணுக்குத் தெரியாத தரையைக் கால் தெரிந்துகொள்கிறது என்பதுதான். நம் வயலிலும் கெட்டித்தரை கண்ணுக்குத் தெரியாது, மேலே கலங்கல் தண்ணீர்தான் தெரியும்.

ஆனால் ஒன்று. எங்கோ பிடித்த அளவுகளை வைத்துக் கற்ற வண்டி மன்னார்குடியில் தடுமாறத்தான் செய்யும். பழைய டெல்டாவின் களிமண் வேறு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மணல் கலந்த மண் வேறு. குறுவைச் சேறும் ஐப்பசி மழையில் ஊறிய தாளடிச் சேறும் ஒன்றல்ல. இந்த மண்ணில், இந்தப் பருவங்களில், இழுத்த இடம் சிக்கிய இடம் உட்பட ஓட்டிப் பதிவு செய்தால்தான் பலன். அதோடு, கற்ற பகுதி ஸ்டியரிங்கை இத்தனை டிகிரிக்கு மேல் தொடக்கூடாது என்று வெளியே ஒரு வரம்பு இருக்க வேண்டும். வரப்பு நெருங்கினால் வண்டியை நிறுத்தும் வேலையைக் கற்ற பகுதியிடம் விடவே கூடாது, அது தனிச் சுவிட்சாகவே இருக்கட்டும்.

கேள்வி: பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கிறோம். நெல் வரிசைகளுக்கு நடுவே ஓடிக் களை எடுக்கும் ரோபோ செய்கிறோம். கேமரா படத்தில் நெல்லையும் களையையும் பிரிக்க மாடல் பயிற்சி கொடுத்தோம், சோதனையில் 96 சதவீதம் வந்தது. வேறு வயலுக்குக் கொண்டுபோனால் எல்லாம் தப்பாகச் சொல்கிறது. இன்னொன்று, வரிசையில் நேராகப் போகும்வரை நன்றாக ஓடுகிறது, கொஞ்சம் விலகினால் திரும்பி வருவதே இல்லை. என்ன செய்வது?
– மூன்று மாணவர்கள், தஞ்சாவூர்

பதில்: தம்பிகளா, ஒரே வயலில் வீடியோ எடுத்து, அதிலிருந்து படங்களைப் பிரித்து, கலைத்துப் போட்டு, 80 சதவீதம் பயிற்சிக்கு 20 சதவீதம் சோதனைக்கு என்று வைத்தீர்களா? அப்படியென்றால் அந்த 96 உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. வீடியோவில் அடுத்தடுத்த இரண்டு படங்கள் ஏறக்குறைய ஒரே படம். ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் இருந்தால் மாடல், அதாவது படங்களைப் பார்த்துக் கற்ற உங்கள் நிரல், பார்த்த படத்தையே மறுபடி பார்க்கிறது. பிரிக்கும்போது வயல் வயலாகப் பிரியுங்கள். ஐந்து வயலில் படம் எடுத்தால் ஒரு முழு வயலைத் தனியாக எடுத்துவையுங்கள், கடைசிவரை மாடலுக்கு அதைக் காட்டாதீர்கள். எண் சட்டென்று இறங்கும், பயப்பட வேண்டாம், இறங்கிய எண்தான் உண்மை.

அப்புறம், நெல்லா களையா என்ற கேள்வியை எல்லா இடத்திலும் கேட்க வேண்டியதில்லை. மிஷின் நட்ட வயலில் நெல் வரிசையில் இருக்கிறது. இரண்டு வரிசைக்கு நடுவே முளைத்தது எதுவானாலும் எடுத்துவிடலாம், பெயர் தெரிய வேண்டாம். ஆகவே முதலில் வரிசை எங்கே ஓடுகிறது என்பதை மட்டும் நன்றாகக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுங்கள். களையை இனம் காண்பதைவிட அது எவ்வளவோ எளிது. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். வரிசைக்குள்ளேயே, நெற்குத்தோடு ஒட்டி முளைப்பதுதான் கஷ்டம். ஆராக்கீரையையும் அகன்ற இலைக் களைகளையும் கேமரா பிரித்துவிடும். குதிரைவாலிப் புல் கதிர் வரும்வரை நெல்லைப் போலவே நிற்கும். களை எடுக்கும் பெண்களிடம் கேளுங்கள், இலை தண்டோடு சேரும் இடத்தைப் பார்த்துச் சொல்வார்கள்: நெல்லில் அங்கே வெள்ளையாக ஒரு மெல்லிய நாக்கு நீட்டியிருக்கும், குதிரைவாலியில் இருக்காது. உங்கள் கேமரா மேலிருந்து பார்க்கிறது, அந்த இடம் அதற்குத் தெரியவே தெரியாது. தெரியாத விஷயத்தை எத்தனை ஆயிரம் படம் கொடுத்தாலும் மாடல் கற்காது. ஒன்று கேமராவைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வையுங்கள், இல்லையென்றால் அந்தக் களையை ஆளுக்கு விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் வெட்டாமல் விடுவதுதான் சரி. ஒரு களை தப்பினால் அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம், ஒரு குத்து நெல் போனால் போனதுதான்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். உச்சி வெயிலில் வயல் தண்ணீர் கண்ணாடியாகப் பளிச்சிடும், படத்தில் பாதி வெள்ளையாகிவிடும். கேமராவைச் சுற்றி ஒரு மூடாக்குப் போட்டு உள்ளே உங்கள் எல்.இ.டி. விளக்கை எரியவிடுங்கள். காலையும் மாலையும் ஒரே மாதிரி படம் கிடைக்கும். இந்த ஒரு தகரக் கூடு, மாடலை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட அதிகப் பலன் தரும்.

விலகினால் திரும்பி வராத பிரச்சினைக்கு வருகிறேன். இது மிகப் பழையது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டீன் பொமர்லோ 1980-களின் கடைசியில் அல்வின் என்ற நியூரல் நெட்வொர்க்கை வைத்து வேன் ஓட்டினார். மனிதர் ஓட்டுவதைப் பார்த்தே அது கற்றது. அங்கேதான் சிக்கல் வந்தது. நன்றாக ஓட்டுகிறவர் சாலையின் நடுவிலேயே போவார், ஓரத்துக்குப் போய் மீண்டு வருவதை அவர் காட்டவே மாட்டார். ஆகவே நெட்வொர்க் கொஞ்சம் ஓரம் போனதும், தான் பார்த்தே இராத ஒரு காட்சியில் நின்றது. பொமர்லோ ஒவ்வொரு படத்தையும் கணினியில் இடமும் வலமும் நகர்த்தி, 'இப்படித் தெரிந்தால் இவ்வளவு திருப்பு' என்று புதிய பாடங்கள் உண்டாக்கிக் கொடுத்தார். நீங்களும் அதையே செய்யலாம். இன்னும் நல்லது, 2011-இல் ராஸ், கார்டன், பேக்னல் என்ற மூவர் முன்வைத்த டேகர் முறை: ரோபோவை அதன் போக்கில் ஓடவிடுங்கள், அது விலகிப் போகும் ஒவ்வொரு இடத்திலும் இந்த நேரத்தில் எவ்வளவு திருப்பியிருக்க வேண்டும் என்று ஒருவர் குறித்துக் கொடுங்கள், அந்தப் படங்களையும் சேர்த்து மறுபடி பயிற்சி கொடுங்கள், மறுபடி ஓடவிடுங்கள். சில சுற்றுகளில் திரும்பி வரக் கற்றுக்கொள்ளும்.

தாமதத்தையும் அளந்து பாருங்கள். ரோபோ நொடிக்கு அரை மீட்டர் போகிறது, படம் எடுத்து மாடல் பதில் சொல்ல 0.2 நொடி ஆகிறது என்றால் பதில் வரும்போது ரோபோ 10 செ.மீ. தாண்டிப் போயிருக்கும். கடைமடைக்காரர் தண்ணீர் போதவில்லை என்று சொல்லி, தலைமடையில் மதகை இன்னும் ஏற்றி, அது வந்து சேருவதற்குள் மழையும் பிடித்துக்கொண்டால் வயல் மூழ்குகிறதே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. பழைய செய்திக்குப் பதில் சொல்லிச் சொல்லி ரோபோ இடமும் வலமும் ஆடும். ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரத்தைப் பதித்து, அதற்குள் ரோபோ எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சக்கரச் சென்சாரிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் நான். ரோபோ தானாகவே முயன்று முயன்று கற்கும் என்கிறார்களே, அதற்கு எத்தனை தடவை தவறு செய்ய வேண்டியிருக்கும்?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: ஐயா, நிறைய. 2016-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் பொருட்களை எடுக்கக் கற்பதற்கென்று இயந்திரக் கைகளை வரிசையாக வைத்தார்கள், ஒரு கட்டத்தில் 14 கைகள் இருந்தன, சுமார் இரண்டு மாதத்தில் 8 லட்சம் தடவைக்கு மேல் எடுத்துப் பார்த்தன. சேற்றில் ஓடும் வண்டியை அத்தனை தடவை சிக்கவைக்க யாராலும் முடியாது. அதனால்தான் இப்போது கணினிக்குள் போலி உலகத்தில் பழக்குகிறார்கள், அங்கே எடையையும் உராய்வையும் வெளிச்சத்தையும் வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள், அப்போதுதான் நிஜத்துக்கு வந்ததும் திகைக்காது.

செய்ததற்குக் கிடைக்கும் பலனை வைத்துக் கற்கும் இந்த முறைக்கு அடித்தளம் போட்ட ஆண்ட்ரூ பார்ட்டோ, ரிச்சர்ட் சட்டன் இருவருக்கும் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 2024-ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பி. ரவீந்திரன் அந்தப் பார்ட்டோவிடம் முனைவர் பட்டம் செய்தவர். உங்கள் பழைய மாணவர்கள் யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால், அவருடைய பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன என்று சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பாதாளச் சாக்கடை சுத்தம் செய்ய ரோபோ வந்ததே, அதில் மெஷின் லேர்னிங் உண்டா? இனி மனிதர் இறங்கவே வேண்டாம் என்று நம்பலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் சொல்வது கேரளத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் செய்த பண்டிகூட். அடிப்படையில் அது மேலே ஒருவர் திரையைப் பார்த்து இயக்கும் இயந்திரக் கைதான். கையும் கேமராவும் குழிக்குள் இறங்கும், ஆள் மேலேயே நிற்பார். அது போதும், முதலில் வேண்டியது அதுதான். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, இருந்தும் சாவுச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, படிக்கும் ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

மெஷின் லேர்னிங் உதவக்கூடியது பார்ப்பதிலும் முகர்வதிலும். கலங்கிய படத்தில் அடைப்பு எங்கே என்று காட்டலாம். விஷவாயு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, அதனால் சென்சார் கட்டாயம். விலை குறைந்த வாயு சென்சார்கள் நாளாக ஆகத் தடம் மாறும், ஒரு வாயுவுக்கு வைத்தது இன்னொன்றுக்கும் துள்ளும். கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் 16 சென்சார்களை 36 மாதம் ஓட்டிப் பதிவு செய்த அளவுகள் பொதுவில் இருக்கின்றன; முதல் மாதங்களில் கற்ற மாடல் பிந்தைய மாதங்களில் எப்படித் தடுமாறுகிறது என்பதை அதில் பார்க்கலாம், அதைத் திருத்தும் வழிகளும் வந்திருக்கின்றன. திருத்தட்டும். ஆனால் 'வாயு இல்லை' என்று ஒரு மாடல் சொன்னதை வைத்து ஒருவரை உள்ளே இறக்குவதற்கு யாரும் அனுமதி தரக்கூடாது. அந்த எண் இயந்திரத்தை இறக்குவதற்கு மட்டும்தான்.

கேள்வி: என் அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போகிறார். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். நீங்கள் இந்த ரோபோக்களைப் பற்றி எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு இரண்டு மனதாக இருக்கிறது. எங்கள் வேலை என்ன ஆகும்?
– ஒரு மாணவி, கோட்டூர்

பதில்: நடவு மிஷின் வந்ததிலேயே வேலை குறைந்துவிட்டது, உங்கள் அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும். ரோபோ வந்தால் இன்னும் குறையும். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. குனிந்து குனிந்து முதுகு போகிற வேலை குறைவது நல்லது, அதோடு கூலியும் போவது நல்லதல்ல. இரண்டுமே உண்மை.

ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும். மேலே தஞ்சாவூர் மாணவர்களுக்குச் சொன்னதைப் பாருங்கள். நெல் எது குதிரைவாலி எது என்று பத்தாயிரம் படங்களில் யாரோ ஒருவர் குறித்துக் கொடுத்தால்தான் அந்த ரோபோ கற்கும். அதைச் சரியாகக் குறிக்கத் தெரிந்தவர் உங்கள் அம்மாதான். நகரத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்க்கிறவர் குறித்தால் தப்பாகத்தான் குறிப்பார், தப்பாகக் குறித்ததைத்தான் ரோபோவும் கற்கும். ஆகவே இது கூலி கொடுக்க வேண்டிய வேலை, நாள் கூலிக்குக் குறையாமல். உங்கள் கல்லூரியில் யாராவது வயல் படங்கள் சேகரித்தால், குறிக்கும் வேலைக்கு ஊர்ப் பெண்களைக் கூலிக்கு அமர்த்தும்படி நீங்களே எழுதிக் கேளுங்கள். திட்டச் செலவில் கேமராவுக்குத் தனி வரி இருக்கிறது, அவர்களுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். படங்களைச் செல்போனில் தமிழில் குறிக்க வசதியாக ஒரு சின்னச் செயலி எழுதுவது உங்கள் படிப்புக்கு எட்டாத வேலையும் அல்ல.

கேள்வி: எம்.பி.யு.6050 சென்சார் வைத்துச் சின்ன ரோபோ செய்தேன். அசையாமல் வைத்திருந்தாலும் திரும்பிக்கொண்டே இருப்பதாகக் காட்டுகிறது. இதை மெஷின் லேர்னிங்கால் திருத்தலாமா?
– பிளஸ் 2 மாணவர், வேதாரண்யம்

பதில்: வேண்டாம் தம்பி. திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோ அசையாமல் இருந்தாலும் பூஜ்யம் காட்டாது, சிறிய ஒரு எண் காட்டும், அதைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் ஏறிக்கொண்டே போகும். ரோபோவை ஆன் செய்ததும் சில நொடி அசையாமல் வைத்து, வரும் எண்களின் சராசரியை எடுத்து, அப்புறம் வரும் ஒவ்வொரு அளவிலிருந்தும் அதைக் கழி. முன்பின், பக்கவாட்டுச் சாய்வுக்கு அதே சென்சாரில் இருக்கும் முடுக்கமானியை (கீழ்ப்பக்கம் எது என்று புவியீர்ப்பை வைத்து உணர்வது) சேர்த்துக்கொள், ஜைரோவுக்கு 98 பங்கு, முடுக்கமானிக்கு 2 பங்கு என்று தொடங்கிப் பார். எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்பதற்கு முடுக்கமானி உதவாது, அதற்குத் திசைகாட்டிச் சென்சார் தனியாக வேண்டும், அதையும் மோட்டாருக்குப் பக்கத்தில் வைக்காதே, மோட்டாரின் காந்தம் கெடுத்துவிடும். இவ்வளவும் ஓடிய பிறகு 1960-இல் ருடால்ஃப் கால்மன் கொடுத்த வடிகட்டியை, அதாவது பிசிறுள்ள அளவுகளிலிருந்து உண்மை நிலையைக் கணிக்கும் கணக்கை, படி. கல்லூரி போவதற்குள் அது கைவந்துவிட்டால் எனக்கு எழுது, அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்கிறேன்.